கோபம் யாருக்கு அழகு?

கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, ஒரு பதிவேடு. தலைவர் நாற்காலியில் இருப்பவர் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் வென்று வந்தவர். காலனிக்குக் குடிநீர் வந்து பதினைந்து நாளாகிறது. உடைந்த குழாயை மாற்றப் பணம் எடுக்க வேண்டுமென்றால் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் போடவில்லை. இன்று நாளை என்று இழுக்கிறார். தலைவர் குரலை உயர்த்துகிறார்: "ஏனுங்க கையெழுத்துப் போட மாட்டீங்கறீங்க? காரணத்தை இந்தச் சபையில சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் சொல்கிறார்: "பிரசிடெண்ட்டுன்னா பிரசிடெண்ட்டாட்டப் பேசோணும் அப்புனு. இப்படிக் கோவப்பட்டா அந்தச் சேருக்கு மரியாதை இருக்குமா?"

அத்தோடு பேச்சு திசை மாறிவிடுகிறது. குழாய் போயிற்று, காசோலை போயிற்று. தலைவர் கத்தியது சரியா தவறா என்பதே அன்றைய தீர்மானமாகி விடுகிறது. மறுநாள் டீக்கடையிலும் அதுதான் பேச்சு.

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட ஊரில் நடந்த கதையல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் ஊராட்சி மன்றப் படியேறிய நம்மவர்கள் எவரைக் கேட்டாலும் இதைப்போல ஒன்றைச் சொல்வார்கள். எனவே அந்தப் பெரியவரின் கேள்வியை நாம் ஒதுக்கித் தள்ளாமல் எடுத்துக்கொள்வோம். சபையில் கோபப்படுவது ஒரு தலைவருக்கு அழகா?

உலகமும் கேட்கும் கேள்வி

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிக்கிறார்கள். விவாதம் முடிந்ததும் அங்கும் இதே பேச்சுதான். யார் நிதானமாக இருந்தார், யார் முகம் சிவந்தார், கோபப்பட்டவர் அதிபர் நாற்காலிக்குத் தகுதியானவரா என்று பல நாள் அலசுவார்கள்.

2020 செப்டம்பர் 29 அன்று நடந்த விவாதத்தில் டிரம்ப் எதிராளியைப் பேசவே விடாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த விவாதத்தில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கியை அணைத்து வைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் 2024 செப்டம்பர் 10 அன்று கமலா ஹாரிஸுடன் நடந்த விவாதத்திலும் அவர் கோபமாகத்தான் பேசினார். கமலா நிதானமாகப் பேசினார். விவாதத்தில் கமலாவே சிறப்பாகச் செய்தார் என்று பலரும் சொன்னார்கள். நவம்பரில் வென்றவர் டிரம்ப். கோபம் அவருக்கு நாற்காலியைத் தடுக்கவில்லை.

ஒபாமாவின் கதை வேறு. அந்நாட்டின் முதல் கறுப்பின அதிபர் எட்டு ஆண்டுகள் கோபத்தை வெளியே காட்டாமல் கவனமாக இருந்தார். 'கோபக்காரக் கறுப்பன்' என்ற பட்டம் எப்போது வந்து ஒட்டுமோ என்ற கவலை அந்த நாட்டில் படித்துப் பதவிக்கு வந்த ஒவ்வொரு கறுப்பினத்தவருக்கும் உண்டு. 2015-ல் பத்திரிகையாளர்களின் விருந்து ஒன்றில் ஒபாமா ஒரு நகைச்சுவை நடிகரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதிபர் மெதுவாக ஒரு வாக்கியம் பேசுவார். பக்கத்தில் நிற்பவர் அதையே கத்திக் கையை ஆட்டிக் கோபமாகச் சொல்வார். 'அதிபரின் கோபத்தை மொழிபெயர்ப்பவர்' என்று அந்தப் பாத்திரத்துக்குப் பெயர். அரங்கமே சிரித்தது. உலகத்திலேயே அதிகாரம் மிகுந்த நாற்காலியில் இருந்தவருக்குத் தன் கோபத்தைக் காட்ட இன்னொரு ஆள் தேவைப்பட்டதை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும், 2012-ல் முதல் விவாதத்தில் அதே ஒபாமா அளவுக்கு மீறி அமைதியாக இருந்தபோது, 'இவரிடம் உயிரே இல்லையே' என்று அவருடைய ஆதரவாளர்களே குறை சொன்னார்கள். கோபப்பட்டால் ஆபத்தானவர், கோபப்படாவிட்டால் சத்தில்லாதவர். இந்த இடுக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த இடுக்குதான்.

கோட்டையில் வந்த கோபம்

அமெரிக்கா வரை போவானேன்? நம் சட்டமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். 1988 ஜனவரி 28 அன்று ஜானகி அம்மையாரின் அரசு நம்பிக்கை கோரிய நாளில் சபைக்குள் அடிதடி நடந்து, போலீஸ் தடியோடு உள்ளே நுழைந்தது. 1989 மார்ச் 25 அன்று பட்ஜெட் நாளில் மீண்டும் சபை கலவரமானது. அன்று என்ன நடந்தது என்பதை இரு கட்சியினரும் இரு விதமாகச் சொல்வார்கள். நாம் அந்த வழக்குக்குள் போகவில்லை. நாம் கவனிப்பது அதற்குப் பிறகு நடந்ததை.

அன்று கொதித்து வெளியேறிய ஜெயலலிதா, முதல்வராகத்தான் இனி இந்தச் சபைக்குள் வருவேன் என்றார். நாடு அதைக் கோபக்காரியின் பேச்சு என்று சொல்லவில்லை. சபதம் என்று சொன்னது. பாஞ்சாலியோடு ஒப்பிட்டது. 1991-ல் அவர் முதல்வரானார். மறுபக்கம் இருந்த கலைஞர் கருணாநிதியை 1996-லும் 2006-லும் இதே மக்கள் முதல்வராக்கினார்கள். சபையில் காட்டிய கோபம் இருவருக்கும் தகுதிக் குறைவாகவில்லை.

கோபத்தையே கொள்கையாக்கி மேடை மேடையாகப் பேசிய பெரியார் பிறந்ததும் இந்தக் கொங்கு மண்ணின் ஈரோட்டில்தான். ஆகவே தமிழ்நாட்டு மக்களுக்குக் கோபப்படும் தலைவர்களைப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பிடிக்கும். தேர்தல் மேடையில் மைக்கைப் பிடித்து உறுமினால்தான் கைதட்டே வருகிறது. அப்படியானால் வேப்பமரத்தடியில் தண்ணீர் கேட்ட ஊராட்சித் தலைவரின் கோபம் மட்டும் ஏன் அழகில்லாமல் போயிற்று?

ஒரே கோபம், இரண்டு பெயர்

நம் ஊர்களில் பேச்சுக்கே ஒரு மேடு பள்ளம் உண்டு. தோட்டத்து வீட்டுப் பத்து வயதுப் பையன் அறுபது வயது மாதாரியை 'டா' போட்டுக் கூப்பிட்டதும், அந்த முதியவர் 'வாங்க சின்னப் பண்ணாடி' என்று கைகட்டி நின்றதும் வெகுகாலத்துக்கு முந்தைய கதையல்ல. அந்தப் பழக்கம் இன்று பல ஊர்களில் குறைந்திருக்கிறது. படிப்பும், பனியன் கம்பெனி வேலையும், நகரப் பேருந்தும் அதைக் குறைத்தன. ஆனால் பேச்சில் யார் மேலே, யார் கீழே என்ற கணக்கு இன்னும் பலர் மனதில் அழியவில்லை. குரல் உயரும்போது அந்தக் கணக்கு வெளியே வந்துவிடுகிறது.

ஊர்ப் பெரியவர் கூட்டத்தில் மேசையைத் தட்டினால் 'கண்டிப்பான மனுசன்' என்கிறார்கள். நம்மவர் தட்டினால் 'திமிர்'. அவர் எழுந்து போனால் 'மானஸ்தர்'. நம்மவர் எழுந்து போனால் 'பதவி வந்ததும் தலை கால் தெரியவில்லை'. கோபப்பட்டவர் பெண்ணாகவும் தலித்தாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். 'அடக்கம் இல்லாதவள்' என்ற சொல் அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இது வெறும் பேச்சு விவகாரமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. யார் வேட்பாளர் ஆவது என்பதையே இது முடிவு செய்கிறது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவியை ஒதுக்கின. ஆனால் ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் பலவற்றில் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் மற்ற சாதியினர். நம் மக்கள் மட்டும் வாக்களித்து யாரும் வென்றுவிட முடியாது. எனவே தேர்தலுக்கு முன்பே ஊரில் ஒரு தேர்வு நடக்கிறது. 'ஆள் எப்படி? எதுத்துப் பேசுவானா?' 'இல்லீங்க, தங்கமான பையன். சொன்ன பேச்சுக் கேட்பான்.' அதுதான் அந்தத் தேர்வு. படிப்பு, நேர்மை, ஊர் வேலையில் அனுபவம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கோபப்படாதவர் என்பது சட்டத்தில் எங்கும் எழுதப்படாத தகுதி. அதில் தேறியவருக்கே நாற்காலி.

அப்படி வந்தவர் ஒருநாள் தண்ணீருக்காகக் குரலை உயர்த்தினால், ஊர் கேட்கும் 'இது பிரசிடெண்ட்டுக்கு அழகா' என்பதற்கு உண்மையான பொருள், 'இதற்காகவா உன்னைக் கொண்டுவந்தோம்' என்பதுதான்.

பொறுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

'அமைதியாக இருந்தால் மரியாதை தானாக வரும்' என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. 1996 தேர்தலுக்குப் பிறகு மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராக வந்த முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. இதைக் கண்ட தலைமுறை 'வாயைத் திறக்காதே சாமி' என்று பிள்ளையிடம் சொன்னால் அது கோழைத்தனமல்ல, பட்ட அனுபவம்.

ஆனால் பொறுமைக்கு மரியாதை கிடைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் படம் ஒன்று நாடெங்கும் பரவியது. மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தலைவரான பட்டியல் சாதிப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் திட்டவில்லை, கத்தவில்லை. அமைதியாகத்தான் இருந்தார். அந்த அமைதி அவருக்கு ஒரு நாற்காலியைக்கூட வாங்கித் தரவில்லை. அதே மாதம் நம் கோவை மாவட்டம் ஜே.கிருஷ்ணாபுரத்தில் ஊராட்சித் தலைவரான பெண், தன்னை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுப்பதாகக் காவல் துறையில் புகார் கொடுத்தார். புகார் கொடுத்த பிறகுதான் அது செய்தியானது.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. சுதந்திர தினத்தன்று பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதில் எந்தத் தடையும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன கடிதம் அது. சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் ஆன பிறகு, கொடிக்கயிற்றைப் பிடிக்க ஒரு தலைவருக்கு அரசின் கடிதம் தேவைப்பட்டது.

ஊராட்சி நாற்காலிதான் இப்படி, பெரிய நாற்காலிக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டமன்றப் பேரவைத் தலைவராக இருந்த ப.தனபால் அருந்ததியர் சமூகத்தவர். ராசிபுரத்திலும் பிறகு நம் அவிநாசியிலும் வென்றவர். ஜெ.சிவசண்முகம் பிள்ளைக்குப் பிறகு அந்த இருக்கைக்கு வந்த இரண்டாவது தலித். 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் எதிர்க்கட்சியினர் ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் அன்று பேரவைத் தலைவரின் சட்டை கிழிந்தது. அவர் எழுந்து போன நாற்காலியில் உறுப்பினர்கள் இருவர் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இதே அந்த நாற்காலியில் இருந்தவர் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் சட்டையைப் பிடித்திருந்தால், அது எத்தனை ஆண்டுகள் பேசப்பட்டிருக்கும்?

2019 டிசம்பர் 2 விடிகாலையை நாம் மறக்க முடியாது. மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் சரிந்து, பக்கத்தில் ஓட்டு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். எல்லாரும் நம் மக்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் அங்கிருந்தவர்கள். முறையிட்டபோது அவர்கள் கோபப்படவில்லை. பணிவாகத்தான் கேட்டார்கள். பிணங்களைப் பார்த்த பிறகுதான் கோபப்பட்டார்கள். மருத்துவமனை முன்பு நீதி கேட்டு நின்றவர்கள் மீது தடியடி நடந்தது. தமிழ்ப்புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உள்ளிட்டவர்கள் கைதானார்கள். பணிந்து கேட்டபோது யார் காதிலும் விழவில்லை. கோபமாகக் கேட்டபோது 'சட்டம் ஒழுங்கு' என்றார்கள். அப்படியானால் எந்தக் குரலில்தான் கேட்பது?

வள்ளுவர் யாரிடம் சொன்னார்?

இத்தனையும் சொன்ன பிறகு யாராவது திருக்குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் முதல் குறளைப் பொருளோடு படித்துப் பாருங்கள். தன் கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே கோபத்தை அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில், வலியவரிடம் கொள்ளும் கோபமும் தீமைதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் நம் கோபம் செல்லுபடியாகும் எளியவர்கள் மீது கொள்வதைப்போலத் தீயது வேறில்லை என்று முடிக்கிறார்.

ஆக, வெகுளாமை முதலில் அதிகாரம் உள்ளவருக்குச் சொல்லப்பட்ட பாடம். கையெழுத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கு, தடியை வைத்திருப்பவருக்கு, வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு. அவர்களை விட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் வராதவரிடம் மட்டும் குறளைப் படித்துக் காட்டுவது வள்ளுவருக்குச் செய்யும் மரியாதையல்ல.

வசை கோபமாகாது

அதற்காக நம்மவர் என்ன பேசினாலும் சரி என்று நாம் சொல்லவில்லை. நீலகிரித் தொகுதி மக்களவை உறுப்பினர் ஆ.ராசா நாடறிந்த பேச்சாளர். நீலகிரி என்றால் மலை மட்டுமல்ல, நம் மேட்டுப்பாளையமும் அவிநாசியும் பவானிசாகரும் அந்தத் தொகுதியில்தான் வருகின்றன. அலைக்கற்றை வழக்கில் தன் தரப்பை வாதாடி 2017 டிசம்பரில் விடுதலை பெற்றவர். அந்த வாதத்தில் கோபம் இருந்தது, கூடவே கோப்புகளும் இருந்தன. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பை இழுத்து அவர் பேசியது தவறு. எதிராளியைத் தாக்கப் போய் ஒரு தாயைத் தாக்கும் பேச்சாகிவிட்டது. தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. அவரும் வருத்தம் தெரிவித்தார். பிறப்பை வைத்து இழிவு செய்யும் பேச்சால் நூற்றாண்டுகளாக அடிபட்டவர்கள் நாம். அந்த ஆயுதத்தை நாம் கையில் எடுக்கவே கூடாது.

இன்னொன்றும் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் வாய் திறக்காமல் நின்றுவிட்டு, ஊராட்சியின் தூய்மைப் பணியாளரிடம் வந்து எரிந்து விழும் தலைவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தத் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் நம் தெருவிலேயே இருக்கும் அக்காதான். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மனைவி எதிர்த்துப் பேசினால் கை ஓங்குகிறவர்களும் உண்டு. மேலே காட்ட முடியாத கோபத்தைக் கீழே இறக்கி வைப்பதுதான் சாதியின் வேலை. நாமும் அதையே செய்தால் நமக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே ஒரு தலைவரின் கோபத்தை எடைபோட நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். அந்தக் கோபம் யாருக்காக வந்தது, தனக்கா, தண்ணீர் வராத தெருவுக்கா? யார் மீது பாய்கிறது, மேலே இருப்பவர் மீதா, கீழே இருப்பவர் மீதா? கூட்டம் முடிந்த பிறகு அந்தக் கோபம் கையெழுத்திட்ட ஒரு காகிதமாக மாறியதா, சத்தத்தோடு காற்றில் போனதா? எந்தச் சாதித் தலைவரானாலும், எந்தக் கட்சித் தலைவரானாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். குரலின் உயரத்தை மட்டும் அளக்காதீர்கள்.

கோபத்தை எழுத்தாக்கியவர்கள்

மூன்றாவது கேள்விக்கு நமக்கு நல்ல முன்னோர்கள் இருக்கிறார்கள். 1951 செப்டம்பரில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்ட வேதனையில் அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அக்டோபர் 10 அன்று தன் விலகலுக்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் விளக்க வந்தார். அறிக்கையின் படியை முன்கூட்டியே தர வேண்டும் என்று அவைத் துணைத் தலைவர் சொன்னதும், அதை ஏற்காமல் சபையை விட்டு வெளியேறினார். அது கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு கையில் எழுதிய அறிக்கையும் இருந்தது. அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். வெளியேறிய சத்தம் அன்றைக்கே அடங்கிவிட்டது. அறிக்கையை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அதற்கும் முன்பு, 1924-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடங்களிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்பதே அது. 1925-ல் அது அரசாணையாக வெளியானது. அதே காலத்தில் நம் கோவையிலிருந்து அந்தச் சட்டமன்றத்துக்குப் போன ஆர்.வீரையனும் சாலைக்கும் கிணற்றுக்கும் நம்மவரை விடாததைச் சபையில் எழுப்பினார். தெருவில் நடக்க விடாதவன் மீது வந்த கோபத்தை அவர்கள் கேள்வியாகவும் தீர்மானமாகவும் ஆக்கினார்கள். இன்று நாம் செருப்போடு நடக்கும் தெருவில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

நம் காலத்திலும் நடந்திருக்கிறது. 18 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குள் தங்களுக்குக் கிடைப்பது என்ன என்று அருந்ததியர் அமைப்புகள் பல ஆண்டுகள் ஊர்வலமும் மாநாடும் நடத்தின. அந்தக் குரலிலும் கோபம் இருந்தது. அது மனுவானது, நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையானது, 2009-ல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டமானது. பட்டியல் சாதிகளுக்குள் இப்படிப் பிரித்துக் கொடுப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. இன்று கோவை அரசுக் கல்லூரிகளில் படிக்கும் எத்தனையோ அருந்ததியர் பிள்ளைகளின் சேர்க்கைக் கடிதத்துக்குப் பின்னால் அந்தக் கோபம் இருக்கிறது.

அடுத்த தேர்தலுக்கு

கோவை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் எப்போது வந்தாலும், ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் நம் பிள்ளைகள் நிற்பார்கள். இம்முறை நிற்பவர்களில் பட்டதாரிகள் அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல நினைப்பது இதுதான்.

கோபம் வந்தால் வெட்கப்படாதீர்கள். ஆனால் கோபம் வருவதற்கு முன்பே காகிதத்தைத் தயாராக வைத்திருங்கள். துணைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் எந்தத் தேதியில், எந்தத் தீர்மானத்துக்குப் போடவில்லை என்பதைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கு மனு அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆறிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டபோது, பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது குற்றம் என்று பிரிவு 3(1)(எம்) சேர்க்கப்பட்டது. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் தண்டனைக்குரியது. நாற்காலி தராதது 'ஊர் வழக்கம்' அல்ல, குற்றம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர் கத்த வேண்டிய அவசியமே குறையும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போங்கள். கூட்டத்தில் யாருடைய குரல் உயர்ந்தாலும் எதற்காக உயர்ந்தது என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து படித்துப் பாருங்கள். யாருடைய கோபத்துக்கு ஊர் பதில் சொன்னது, யாருடைய கோபத்துக்கு ஊர் புத்தி சொன்னது என்பது விளங்கும்.

மற்ற சமூகத்து வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தலைவர் கோபப்பட்டால், அவர் கோபப்பட்டது அழகா என்று கேட்பதற்கு முன்பு, அவர் சொல்வது உண்மையா என்று ஒருமுறை கேளுங்கள். உண்மையென்றால் அவருடைய குரல் தானாக இறங்க வழி செய்யுங்கள். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மீண்டும் அந்த வேப்பமரத்தடிக்கு வருவோம். 'பிரசிடெண்ட்டாட்டப் பேசோணும்' என்ற பெரியவருக்கு அந்தத் தலைவர் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. "பேசறேனுங்க. காசோலை இங்கதான் இருக்குது. பதிவேடும் இங்கதான் இருக்குது. கையெழுத்துப் போடச் சொல்லுங்க, இல்லீன்னா ஏன் போடலைன்னு எழுதச் சொல்லுங்க. காலனியில தண்ணி வந்துட்டா நான் எதுக்குங்க கத்தப் போறேன்?"

அப்படிப் பேசுபவரைத் தலைவர் என்று ஏற்றுக்கொள்ள நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை.